லிடியா டீச்சருக்கு ஆறு பக்கம்

மாதா துணை

நெய்வேலி,
ஞாயிறு

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அந்த டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விடவில்லை, மாத்திரையை நான் கையில் கொடுத்தால்தான் விழுங்குகிறார். தம்பி ஜாஸ்பருக்கு இன்னும் கான்ட்ராக்ட்தான், பர்மனென்ட் பற்றிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், நீயும் போனில் கேட்காதே.

உன் வாழ்க்கையை எழுதின புத்தகம் வந்து சேர்ந்தது. இரண்டே நாளில் முடித்துவிட்டேன், அப்பா கண்ணாடியைக் கேட்டும் கொடுக்கவில்லை. நன்றாக எழுதியிருக்கிறாய், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் லிடியா டீச்சருக்கு ஆறு பக்கம், எனக்கு ஒன்றே கால் பக்கம். எண்ணித்தான் பார்த்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அவர் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் நாம் குடியிருந்தது உண்மை. அவர் உனக்கு ஷூ வாங்கித் தந்ததும் உண்மை. ஆனால் முதல் கதையை அவர் சொல்லித்தான் கேட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு வயிறு எரிந்துபோனது. எழுத்து தெரியாத என் அம்மா மூலையில் பேப்பர் கவர் ஒட்டிக்கொண்டிருந்தாள் என்று வேறு. எட்டாவது படித்தவள் நான். கடைகளுக்குக் கவர் ஒட்டப் பழைய வாரப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கி வருவேன், பசை தடவுமுன் தாளில் இருக்கும் தொடர்கதையை உனக்கு வாசிப்பேன், அடுத்த வாரத்துத் தாள் அந்தக் கட்டுக்குள் இருக்காது, மீதியை நானே இட்டுக்கட்டிச் சொல்வேன். அப்பறம் இன்னா ஆச்சும்மா என்று நீ கேட்டுக்கினே இருப்பாய், பசை காய்ந்துபோகும்.

எழுத்தறியாதவளின் மகள் என்றால் நீ ஏறி வந்த தூரம் இன்னும் பெரிதாகத் தெரியும், அது எனக்குப் புரியாமல் இல்லை. உன்னை மேடையேற்றுகிறவர்களுக்கும் அப்படிப்பட்ட அம்மாதான் பிடித்திருக்கும். நானும் யோக்கியம் இல்லை. என் கதையை நான் எழுதினால் லிடியா டீச்சரை அரைப் பக்கத்தில் முடித்துவிடுவேன், அந்த ஷூவை உன் அப்பா வாங்கினதாகவே எழுதிவிடுவேன்.

நேற்று பக்கத்து பிளாக் வாசகர் வட்டத்தில் உன் புத்தகத்துக்கு விழா வைத்து டீச்சருக்கும் எனக்கும் சால்வை போட்டார்கள். அவர் சால்வையில் ஜரிகை அகலம். அப்புறம் பதிவேட்டில் டீச்சர் நீளமாகக் கையெழுத்துப் போட்டார், அடுத்து நான். விழா நடத்தின அறிவழகன் நல்ல பிள்ளை, புத்தகத்தை வரி விடாமல் படித்திருக்கிறான், எனக்காகவே மை டப்பா வாங்கி வைத்திருந்தான். சங்கடப்படாதீங்கம்மா, இந்த எடத்துல பெருவிரல வெச்சா போதும் என்றான். டீச்சருக்கு என் படிப்பு தெரியும். சகாயம், நீ நல்லா எழுதுவியே, பேனாவ வாங்கு என்று காதோடு சொன்னார். இவர் எடுத்துக்கொடுத்து என் பெயரை நான் எழுத வேண்டுமா என்று ஆத்திரம் வந்தது. அதைவிட, நான் பேனாவைப் பிடித்தால் அத்தனை பேர் முன்னால் நீ பொய் எழுதினவள் ஆகிவிடுவாய். பெருவிரலை மையில் அழுத்திப் பதிவேட்டில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் அப்பா விரலைப் பார்த்துவிட்டுக் கேட்டார், மாத்திரையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

ஆண்டவர் உன்னையும் எழுதுகிற உன் கையையும் காக்கட்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், காலையில் சாப்பிடாமல் ஓடாதே. இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்றாயே, அதிலும் நான் எழுத்து தெரியாதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், ரேகை வைத்தாயிற்று. ஆனால் கதை சொல்ல எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கதைகளை மட்டும் டீச்சரிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுத்துவிடு.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா
செ. சகாயம்மாள்