பாதி காலியான பெட்டியில் இடமில்லை

2025 ஜூன் 9, திங்கள்

புசல்லாவையில் நான் எடுத்த கல்யாண வீடியோவைக் கொப்பி பண்ண உட்கார்ந்தேன். மாப்பிள்ளை அழைப்பு ஏறியது. மாலை மாற்றியது ஏறியது. தாலி கட்டுகிற நேரம் பார்த்துத் திரையில் சிவப்புப் பட்டை: இடமில்லை. அங்கே ஐயர் கெட்டிமேளம் கேட்கிறார், இங்கே பெட்டி கதவைச் சாத்திவிட்டது.

முன்னறை மூலையில் இருக்கிற சேர்வரைத்தான் பெட்டி என்கிறோம். உள்ளே நான்கு டிஸ்க். நான்கையும் சேர்த்து ஒரே பெரிய இடமாகக் காட்டும். எதை எந்த டிஸ்க்கில் வைப்பது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். போன வருஷம் நானே பொருத்திப் பூட்டி, நானே செற்றிங் எல்லாம் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். முதல் ஃபோல்டருக்கு 'உ' என்று பெயர். பிள்ளையார் சுழி போடாமல் நான் சந்தைச் சாமான் சீட்டுக்கூட எழுதுவதில்லை. அதற்குள்தான் என் கல்யாணங்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன.

இன்று அதே பெட்டி மேலே 'பாதி காலி' என்கிறது, கீழே 'இடமில்லை' என்கிறது. எதை நம்புவது?

ஞாயிற்றுக்கிழமை கண்டியில் அடுத்த கல்யாணம். கெமராக் கார்ட் எல்லாவற்றிலும் புசல்லாவைதான் நிரம்பிக் கிடக்கிறது. இறக்கி வைக்காவிட்டால் வெறுங்கையோடு மண்டபத்துக்குப் போக வேண்டியதுதான். லெப்டொப்பில் இருக்கிற இடம் ஒரு ஆரத்திக்குக்கூடப் போதாது.

ஜூன் 10, செவ்வாய் - போயா

துஷாந்துக்குப் பௌர்ணமி லீவு. கட்டிய புருஷன் வீட்டில் இருக்கும்போதே அவர் சேர்த்து வைத்திருந்த கிரிக்கெட் மேட்ச்களை எல்லாம் அழித்தேன். கேட்டுவிட்டுத்தான் அழித்தேன், ஆனால் கேட்ட மாதிரி இல்லை என்கிறார்.

அழித்த பிறகு 'பாதி காலி' என்றிருந்தது 'பாதிக்கு மேல் காலி' ஆகிவிட்டது. புசல்லாவைத் தாலி மட்டும் இன்னும் ஏறவில்லை. மேட்ச்சும் போச்சு, புருஷனும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் எதையாச்சும் அழிக்கணும்னா சொல்லு, எந்திரிச்சு வெளிய போயிர்றேன்" என்றார், சோற்றில் பருப்பை ஊற்றிக்கொண்டே.

ஜூன் 11, புதன்

காலையில் ஜெஸீமா திகனயிலிருந்து வந்தாள். மூன்று வருஷமாக இருவரும் சேர்ந்துதான் இந்த வேலை. பெண்கள் பக்கம் படம் எடுக்கப் பெண்கள்தான் வேண்டும் என்கிற முஸ்லிம் வீடுகள் அவளைத் தேடி வரும். நம் ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். எடுப்பதில் இருவரும் சமம். வெட்டி ஒட்டுவதில் அவள் கிட்டே நான் நெருங்க முடியாது.

பெட்டியில் அவளுக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. நான் 'உ' போட்டதைப் பார்த்துவிட்டு, அவள் அன்றைக்கே தன்னுடையதற்கு '786' என்று போட்டாள். அவளுடைய வாப்பாவின் கடையில் எல்லா பில்லுக்கும் மேலே பிஸ்மில்லாவுக்குப் பதில் அந்த எண்தான் இருக்குமாம்.

இன்று அவள் அக்குறணை நிக்காஹ்வைக் கொப்பி பண்ணினாள். வழுக்கிக்கொண்டு ஏறியது. உடனே நான் புசல்லாவையைப் போட்டேன். இடமில்லை. அவள் மறுபடி ஒரு வலீமா விருந்தைப் போட்டாள். ஏறியது. நான் போட்டேன் - இல்லை. இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த துஷாந்த் எட்டிப் பார்த்து, "நிக்காஹ் ஏறுது, தாலி ஏற மாட்டேங்குதா? பெட்டி மதம் மாறிருச்சு போல" என்றார். கிரிக்கெட்டுக்குப் பழி வாங்கிவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான், வேறொன்றும் நினைக்காமல், "ஒன் ஃபோல்டர் மொத்தம் எவ்வளவு பெருசு ஜெஸீமா?" என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பார்த்துச் சொன்னாள். பிறகு பஸ்ஸுக்குப் போகும்வரை வேலையைத் தவிர வேறு பேச்சில்லை.

செருப்பு மாட்டும்போதுதான் சொன்னாள். "டவுன்ல பெரிய ஸ்டூடியோ ஒண்டுல என்னக் கூப்பிட்டீக்காங்க. எடிட்டிங் மட்டும், மாசச் சம்பளம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்."

நான் "நல்லதுதானே" என்றேன். என்ன வாய் எனக்கு!

ஜூன் 12, வியாழன்

மத்தியானம் நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் ஜெஸீமா வந்து போயிருக்கிறாள். சாவி அவளிடமும் உண்டு. போனில் செய்தி: "புள்ள, என்ட ஃபோல்டர என்ட டிஸ்க்குக்கு மாத்தி, பெட்டில அழிச்சிட்டன். இப்ப உனக்கு இடம் வந்தீக்கும். ஞாயிற்றுக்கிழம வேலயப் பாரு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். '786' இல்லை. முக்கால்வாசிப் பெட்டி காலி. புசல்லாவையைப் போட்டேன்.

இடமில்லை.

அப்படியே கதிரையில் உட்கார்ந்து அழுதேன். டிஸ்க்குக்காக அழவில்லை. என்னமோ அவளே சாமான் சட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. நான் என்ன கேட்டேன், அவள் என்ன நினைத்துக்கொண்டாள்? நாளைக்கு அந்த ஸ்டூடியோக்காரனுக்கு 'சரி' என்று சொல்லிவிடுவாளே. வெட்டி ஒட்டுவதற்கு வேறு ஆள் பிடிக்கலாம். எட்டிப் பார்த்து, "மாமியார் முகத்த இவ்வளவு நேரம் காட்டாத, குடும்பம் பிரிஞ்சிரும்" என்று சொல்ல ஜெஸீமாவுக்கு எங்கே போவேன்?

ஜூன் 13, வெள்ளி

காலையிலேயே விளக்கு வைத்துவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் மொத்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றுதான் டிஸ்க் டிஸ்க்காகப் பிரித்துப் பார்த்தேன். முதலாவது நிரம்பி வழிகிறது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது - துடைத்து வைத்த மாதிரி.

நாலு இலை போட்டிருக்கிறது, ஊரே ஒரு இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது.

ஏன்? 'உ'வுக்கு வெளியே 'சும்மா' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, புசல்லாவையில் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தேன். சத்தமில்லாமல் மூன்றாவது டிஸ்க்கில் போய் உட்கார்ந்தது. அதையே 'உ'வுக்குள் போட்டேன். இடமில்லை.

அப்போதுதான் பொறி தட்டியது. செற்றிங்கைத் திறந்தேன். போன வருஷம் நானேதான் போட்டிருக்கிறேன்: மேல்மட்ட ஃபோல்டர் ஒவ்வொன்றும் பிரியாமல் ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டும். ஒரு கல்யாணத்தைத் திறந்தால் ஒரு டிஸ்க் மட்டும் சுழன்றால் போதும் என்று நினைத்துச் செய்தது. நல்ல யோசனைதான். ஆனால் அன்றைக்கு மேல்மட்டத்தில் இருந்தது கல்யாணமா? பிள்ளையார் அல்லவா. பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டு 'உ'வையும் அதற்குள் இருந்த எல்லாக் கல்யாணத்தையும் முதல் டிஸ்க்கிலேயே கட்டிக் காத்திருக்கிறது. ஜெஸீமாவின் '786' இரண்டாவதில், துஷாந்தின் கிரிக்கெட் நான்காவதில் இருந்திருக்கின்றன. அவர்கள் எவ்வளவு அழித்தாலும் எனக்கு ஒரு துளி இடம் வராது.

பிள்ளையாரைத் தூக்க மனசு வரவில்லை. தூக்கவும் தேவையில்லை. செற்றிங்கில் எத்தனையாவது மட்ட ஃபோல்டர் பிரியக்கூடாது என்ற இடத்தில் 'ஒன்று' என்றிருந்ததை 'இரண்டு' ஆக்கினேன். இனி 'உ' நாலு டிஸ்க்கிலும் பரவலாம், அதற்குள் ஒவ்வொரு கல்யாணமும் பிரியாமல் இருக்கும். புசல்லாவையை மறுபடி முழுசாகப் போட்டேன். தாலி ஏறியது. கெட்டிமேளச் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன், பக்கத்து வீட்டு அம்மா யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

ஜும்ஆ தொழுகை முடிகிற நேரம்வரை பொறுத்திருந்து ஜெஸீமாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஒன் ஃபோல்டர்ல ஒரு தப்பும் இல்ல. பிள்ளையார்தான் ஒரே டிஸ்க்குல சம்மணம் போட்டு ஒக்காந்துட்டாரு" என்று முழுக்கதையும் சொன்னேன்.

"அப்ப நான் அழிச்சது?"

"ஒரு பிரயோசனமும் இல்ல. நீ காலி பண்ணின எடம் எனக்கு வரவே வராது."

"நான் ஈக்கிறது உனக்குக் கஷ்டம்னு நெனச்சன்."

"மடச்சி, நேத்து முழுக்க அழுதேன்டி."

"உண்மையாவா? எடிட்டிங்குக்கா, எனக்கா?"

"ஒனக்குத்தான். எடிட்டிங்குக்கு இனிமேத்தான் அழணும்."

சிரித்தாள். ஸ்டூடியோவைப் பற்றி அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. "நல்லதுதானே" என்று ஒரு தடவை சொன்ன வாயை இனி அடக்கியே வைத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

செற்றிங் மாற்றினால் புதிதாக வருவதுதான் பிரியும், பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே நாள் முழுக்கப் பழைய கல்யாணங்களை முதல் டிஸ்க்கிலிருந்து மற்றவற்றுக்கு ஏற்றினேன். கொப்பி பண்ணி, ஓட்டிப் பார்த்து, பிறகுதான் அழித்தேன். போன வருஷத்து மணப்பெண்களில் பாதிப் பேர் இப்போது கைக்குழந்தையோடு சந்தையில் நிற்கிறார்கள்.

கார்ட் எல்லாம் காலி. பற்றரி சார்ஜில்.

துஷாந்த் தன்னுடைய மேட்ச்களை எங்கிருந்தோ மறுபடி இறக்கிக்கொண்டிருக்கிறார். இடம்தான் இருக்கிறதே, இறக்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. ஜெஸீமா காலையிலேயே மண்டபத்துக்கு வந்து மணப்பெண் அறையைப் பார்த்துக்கொண்டாள். கால் வலி. வேறொன்றும் எழுதத் தெம்பில்லை.

ஜூன் 18, புதன்

வாசலில் த்ரீவீலர் வந்து நின்றது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய ஒரு சுழல் கதிரை, பக்கத்தில் அதைப் பிடித்தபடி ஜெஸீமா. திகனயிலிருந்து மழையில் வந்திருக்கிறாள். கதிரைக்குக் குடை பிடித்து, தான் நனைந்திருக்கிறாள்.

"பஸ்காரன் ஏத்த மாட்டன்டுட்டான்" என்றாள். "உங்கூட்டு மரக்கதிரையில இன்னும் ஒரு வருஷம் குந்தினா என்ட முதுகு முறிஞ்சிரும் புள்ள. அந்தப் பக்கம் பிடி, தூக்கு."

இருவருமாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனோம். ஜன்னலோரம் வைக்கலாம் என்றாள். அங்கே என் தையல் மெஷின் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு அவளுக்கு இடம் செய்துகொடுத்தேன்.