ஐயா ராஜினாமா செஞ்சுட்டாரு

அம்மான், ஜோர்டான், பிப்ரவரி 1991

செல்லக்கனிக்கு,

நான் சுகம். இராஜபாளையத்துல நீயும் பிள்ளைகளும் சுகமா இருப்பியன்னு நம்புதேன்.

நான் சமைக்கிற வீட்டுத் தூதர் ஐயா, தன் நாடும் சேர்ந்து ஈராக் மேல நடத்துற சண்டை அநியாயம்னு ராஜினாமா செஞ்சுட்டாரு. ரேடியோவுல கேட்டதும் ஈராக் பக்கம் நிக்கிற இந்த ஊர்ச் சனம் வாசல்ல கூடிக் கைதட்டுச்சு. "நல்ல மனுசனுக்குச் சமைச்சுப் போட்ட கை இது"ன்னு ஒரு பெரியவர் என் கையில முத்தம் கொடுத்தாரு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

மறுநாளே ஐயா தன் நாட்டுக்குப் போயிட்டாரு. என் விசா அவர் பேர்ல இருந்ததால, தூதரக ஆபீஸ்காரங்க என் பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டு, வெளிய போகக்கூடாதுங்காக. ஆனாலும் ஐயா மேல கோவம் வரல. நீ பயப்படாத, சாப்பாட்டுக்குக் குறைவில்ல.

பிள்ளைக பேச்சைக் கேசட்டுல பதிஞ்சு வை. கடுதாசி கொண்டுபோற டிரைவர் கூப்பிடுதாரு. பதிலும் எழுதி வை. இந்த வீட்டைப் பூட்டப்போறாக; எந்த விலாசத்துக்கு அனுப்பச் சொல்லன்னு எனக்கே தெரியல.

குருசாமி