மலைக்கு அந்தப்பக்கம் போகும் வேன்

டன்மோர் கவுண்டி, மேற்கு வர்ஜீனியா
மார்ச் 3

அன்புள்ள ரொவீனா,

உன் முழங்கால் வலி தேவலையா? உன் தங்கையைக் கேட்டதாகச் சொல். இங்கே பனி இன்னும் விடவில்லை.

ஊரையே போதைக்கு அடிமையாக்கிய வலி மாத்திரைக் கம்பெனிகள் வழக்கில் கொடுத்த இழப்பீட்டில் நம் கவுண்டியின் பங்கு வந்துவிட்டது. எப்படிச் செலவழிப்பது என்று கவுண்டி சபையில் கூட்டம் போட்டார்கள். அந்த மாத்திரைக்கு மகளைப் பறிகொடுத்தவன் என்று என்னையும் பேசச் சொன்னார்கள். ஷெரீஃப் புது ரோந்து வண்டி கேட்டார். நான் ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிப்போக ஒரு வேன் கேட்டேன்.

"ஏம்ப்பா டெல்பர்ட், எங்க வண்டி மேடு ஏறவே மூச்சு வாங்குது. உனக்கு வேன் கேக்குதாக்கும்?" என்றார்.

"நீங்க வர்றது ஆள் செத்த பொறவுதானே. போதைய விட்டுடணும்னு நெனைக்கிறவன் ஆஸ்பத்திரிக்கு மலைக்கு அந்தப்பக்கம் போகணும். பஸ்ஸும் கெடையாது. பறந்தா போவான்?"

யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் டெல்பர்ட்

கொலம்பஸ்
மார்ச் 19

அன்புள்ள டெல்பர்ட்,

நன்றாகக் கேட்டாய். வேன் கிடைக்கட்டும். ஆனால் நம் கெல்சியின் பெயரை அதில் எழுத விடாதே. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் அவளைப் படிக்க வேண்டாம்.

டப்பா பீன்ஸைச் சூடாக்கித் தின்றே நாளை ஓட்டாதே. நான் எப்போது திரும்புவேன் என்று இப்போதைக்குக் கேட்காதே.

ரொவீனா

டன்மோர்
ஜூன் 11

அன்புள்ள ரொவீனா,

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் வேன் கிடைத்தது. போதையில் மயங்கியவர்களை எழுப்ப மூக்கில் அடிக்கும் மருந்தும் வாங்கிச் சர்ச்சில் வைத்திருக்கிறார்கள். வேனை நான்தான் ஓட்டுகிறேன். பெயர் எதுவும் எழுதவில்லை.

உன்னிடம் மறைக்க மனமில்லை. போன மாதம் ஏற வந்தவன் டிரேஸ். நம் பெண் தரையில் மூச்சடங்கிக் கிடந்தபோது, போலீசுக்குப் பயந்து யாரையும் கூப்பிடாமல் ஓடினானே, அவன்தான். என்னைப் பார்த்ததும் ஏற வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"நான் நடந்தே போய்க்கிறேங்க."

"ஏறுடா. மழ வருது."

 பாதி மலை ஏறியதும் எப்படியோ வாய் திறந்துவிட்டேன். கெல்சியைக் கடைசியாக அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதைச் சொன்னேன். என் தோளில் சாய்ந்துகொண்டு, "இந்தத் தடவ அம்மாவ ஏமாத்த மாட்டேன்ப்பா, பாரேன்" என்றாள். அதைக் கேட்டு அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். இப்போது தவறாமல் வருகிறான். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்கிறது. நீ ஒருமுறை வந்து பார்த்தால் என்ன?

உன் டெல்பர்ட்

கொலம்பஸ்
ஜூலை 2

அன்புள்ள டெல்பர்ட்,

அவன் பிழைக்கட்டும். மனதாரத்தான் சொல்கிறேன். அவன்மேல் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை.

ஆனால் கெல்சி அப்படிச் சொன்னாள் என்பது எனக்கு உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். அவளை அடக்கம் செய்த பிறகு உன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளைப் பற்றி ஏதாவது சொல்லேன் என்று கெஞ்சினேன். அவள் பெயரை எடுத்தாலே எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவாய். என்னை ஏமாற்றிக்கொண்டே செத்தாள் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த வீட்டை விட்டு வந்தேன்.

அதை நீ அவனிடம் சொன்னது தப்பில்லை. அவனுக்கு அது தேவைப்பட்டிருக்கிறது. எனக்கும் தேவையாக இருந்தது, டெல்பர்ட்.

நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். என் துணிமணிகளை யாருக்காவது கொடுத்துவிடு. பதில் எழுத வேண்டாம்.

குளிர்காலத்தில் அந்த மலைப்பாதை வழுக்கும். எல்லோரையும் பத்திரமாகக் கூட்டிப்போய் வா.

ரொவீனா