கீர்த்தனன் போட்ட வாக்கு

ஓல்னே-சூ-புவா
08.06.2025

அன்புள்ள தம்பி யோகனுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் கதைத்தால் நீ மேடையில் பேசுவது போலப் பேசிக்கொண்டே போகிறாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். முழங்கால் நோ போகவில்லை. மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பிரதேச சபைக்கு நீ வென்றதை, பாரிஸ் ரூ காய் தெருவில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் எல்லாருக்கும் சொன்னேன். நாலு வாக்கால் வென்றாலும் வெற்றிதான் என்றார் முதலாளி.

நீ அனுப்பிய தாள்களோடு மூன்று ஞாயிறு லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நின்றேன். மாகாண சபைத் தேர்தலை வை என்று கேட்க ஒரு கையெழுத்து. அதற்கு எங்கள் சனத்துக்கு இவ்வளவு யோசனை. கார்ட் து செஜூர் என்கிற வதிவிட அட்டையைப் புதுப்பிக்கும்போது பிரச்சினை வருமோ என்று ஒருத்தி கேட்டாள். மரக்கறிக் கடைக்காரர், "அக்கா, கத்தரிக்காயை மறைக்காமல் நில்லுங்கோ" என்றார். இன்னொருவர் நின்று, "ஏழு வருசமாச் சபை இல்லை. இருந்த நேரம் மட்டும் என்ன செய்து கிழிச்சவை?" என்று கேட்டார். எங்கள் இடத்து அலுவலைப் பார்க்க எங்களுக்கு ஒரு சபை, அதற்கு ஒரு வாக்கு, இதைத்தானே கேட்கிறோம் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். என்னோடு சமையலறையில் நிற்கும் பாண்டிச்சேரி ஜெர்மேன் மட்டும் ஒன்றும் கேட்காமல் போட்டாள். போட்டுவிட்டுத்தான், "எந்த ஊரு எலெக்சன் இது?" என்று கேட்டாள். எல்லாமாக நாற்பத்தொரு கையெழுத்து. இதோடு வைத்திருக்கிறேன்.

கிராமத்து விதானை வாக்காளர் இடாப்புக்கு வீட்டுப் படிவம் கொண்டுவந்தவரோ? என் பிள்ளை கீர்த்தனனின் பெயரை மறக்காமல் எழுது. அவனை ஆமி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்ப் போன மாதத்தோடு பதினாறு வருடம். ஒவ்வொரு வருடமும் இதையே சொல்கிறேன் என்று கோபிக்காதே. எனக்கு இங்கும் வாக்கு இல்லை, அங்கும் என் பெயரை வெட்டியாயிற்று. எங்கள் மூன்று பேரில் இடாப்பில் இருப்பது அவன் ஒருவன்தான். அவனுடைய அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பெயர் இருக்கும்வரை அவனைச் செத்தவன் என்று ஒருவரும் எழுத முடியாது.

உன் அக்கா
தில்லைநாயகி


யாழ்ப்பாணம்
02.07.2025

அன்பின் அக்காவுக்கு,

கடிதமும் கையெழுத்துகளும் கிடைத்தன. பெரிய உதவி.

போன கிழமை அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு முன்னால் ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்தோம். பழைய முறையில் தேர்தல் வைப்பதா, புது முறையில் வைப்பதா என்று கொழும்பில் இன்னும் பேசுகிறார்கள். அது முடிந்தால் எல்லை பிரிக்க வேண்டும் என்பார்கள். அதுவரைக்கும் அவர்கள் அனுப்பிய ஆளுநர்தான் எல்லாம். பள்ளிக்கூடத்துக் கூரைக்குத் தகரம் போடவும் எங்களை ஒருவரும் கேட்பதில்லை. எங்களுக்காக வேறு ஆட்கள் முடிவெடுக்கிறார்கள். இதைத்தான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக் களைத்துப்போனேன்.

கீர்த்தனனின் பெயர் விஷயம். இந்த முறை எழுதாமல் விடலாமோ என்று யோசிக்கிறேன். ஊரில் இல்லாத ஆட்களின் பெயர்கள் இடாப்பில் கிடக்கின்றன, துப்புரவாக்குங்கள் என்று எங்கள் கட்சியே மனுக் கொடுத்திருக்கிறது. என் வீட்டிலேயே அப்படி ஒன்று இருந்தால் நாளைக்கு முகத்துக்கு நேரே கேட்பார்கள். நீங்கள் ஓம் என்றால்தான் செய்வேன். ஆறுதலாக யோசித்து எழுதுங்கள்.

உங்கள் தம்பி
யோகன்


ஓல்னே-சூ-புவா
20.07.2025

என் அன்புத் தம்பிக்கு,

நேற்று முழுவதும் உனக்குப் போன் எடுத்தேன். ஏன் தூக்கவில்லை?

அற்புதராணி கதைத்தாள். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் போராட்டம் இருக்கும் கொட்டிலில், எனக்குப் பதிலாகக் கீர்த்தனனின் படத்தையும் பிடித்துக்கொண்டு இருக்கிறாளே, அவள்தான். அவளுடைய புருஷன் மடுத்தீன் தேர்தல் அன்று மற்றக் கட்சிக்கு முகவராக வாக்குச் சாவடிக்குள் இருந்தாராம். ஆள் வர வர அதிகாரி பெயரைச் சத்தமாக வாசிக்க, இவர் தன் தாளில் கோடு போட்டிருக்கிறார். அவர் அந்தப் பக்கத்துக்குப் புதுசு, ஆட்களைத் தெரியாது. அந்தத் தாளை அலுமாரித் தட்டில் விரிக்கவென்று அற்புதராணி எடுத்திருக்கிறாள். அதில் எங்கள் வீட்டு இலக்கம். உன் பெயருக்குக் கீழே கீர்த்தனன். கோடு போட்டிருக்கிறது.

"அக்கா, கண்ணாலை பார்த்துத்தான் சொல்லுறன். உங்கடை பிள்ளை வந்து வோட்டுப் போட்டிருக்கிறான்" என்றாள். நான் ரயிலில் இருந்தேன். கார் து நோரில் இறங்க மறந்து எங்கேயோ போய்விட்டேன்.

தம்பி, அவன் உன் வீட்டுக்கு வந்தானோ? ஆபத்து என்று எனக்கு மறைக்கிறாயோ? அதனாலோ பெயரை வெட்டச் சொல்லி எழுதினாய்? நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். இப்போது முப்பத்தைந்து வயது. முன் தலை முடி போயிருக்கும், தகப்பன் பக்கம் எல்லாருக்கும் அப்படித்தான். நடக்கிறானோ? என்னைக் கேட்டானோ? என் அகதிப் பயணப் புத்தகத்தில் இலங்கையைத் தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று அடித்திருக்கிறது. அவனை இந்தியாவுக்கு வரச் சொல். நான் வருகிறேன்.

ஓம் என்று ஒரு சொல் எழுது, போதும்.

அக்கா


யாழ்ப்பாணம்
11.08.2025

அக்கா,

அவன் வரவில்லை.

உங்கள் அழைப்பு ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயால் சொல்ல என்னால் முடியவில்லை.

தேடுகிற இடங்களில் காட்டவென்று அவனுடைய அடையாள அட்டையை என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். தேர்தல் அன்று மத்தியானம் தாண்டியும் எங்கள் சனம் வரவில்லை. தோற்றுப்போவோம் என்று எல்லாரும் சொன்னார்கள். அட்டையில் படம் மங்கிப்போய் இருந்தது. எங்கள் ஆள் ஒருவனிடம் அதைக் கொடுத்துச் சாவடிக்கு அனுப்பிவிட்டேன்.

நான் எனக்காகச் செய்யவில்லை. மாகாண சபையைக் கேட்க உள்ளே ஒரு குரலாவது இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் இருந்திருந்தால் மாமாவுக்குத்தானே போட்டிருப்பான் என்றும் நினைத்தேன். பிறகு நித்திரை இல்லை. அதனால்தான் பெயரை எடுத்துவிடலாம் என்று எழுதினேன். இது இப்படி உங்கள் காதுக்கு வரும், நீங்கள் இப்படி நம்புவீர்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

என்னை ஏசியாவது எழுதுங்கள்.

யோகன்


ஓல்னே-சூ-புவா
31.08.2025

யோகநாதனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள். கடையில் வைத்துத்தான் பிரித்தேன். ஜெர்மேன், "என்னா எழுதியிருக்காரு?" என்று கேட்டாள். எல்லாரும் சுகமாம் என்றேன்.

முப்பத்துமூன்று நாள் என் பிள்ளை உயிரோடு இருந்தான். அதற்குள் அவனுக்கு ஒரு சேட்டு வாங்கப் போனேன். முப்பத்தைந்து வயது ஆளுக்கு என்றேன். ஒல்லியோ, மொத்தமோ என்று கடைக்காரி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு அளவிலும் எடுத்தேன். இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

உனக்குத்தான் போட்டிருப்பான் என்று எழுதினாய். எனக்கு அது தெரியாது. அவன் பத்தொன்பது வயதில் போனவன். யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று எனக்குச் சொல்ல அவனுக்கு நாள் கிடைக்கவில்லை. எங்களைக் கேளாமல் எங்களுக்காக முடிவெடுக்கிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறாய். நீ அவனைக் கேட்டாயோ?

நாலு வாக்கால் வென்றாய். அவனுடையதைக் கழித்தாலும் மூன்று மிச்சம். அவன் இல்லாமலே வென்றிருப்பாய். மற்ற மூன்றும் யார் பெற்ற பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை.

அடையாள அட்டையையும், அவனைத் தேடிக் கொடுத்த மனுக்களின் பிரதிகளையும் அற்புதராணியிடம் கொடு. இது கிடைத்த அடுத்த புதன்கிழமை வருவாள். இனி அவனைத் தேடுவது அவளும் நானும். நடந்ததை அவளுக்குச் சொல்லிவிட்டேன். மடுத்தீன் உன் மேல் முறைப்பாடு கொடுத்தால் கொடுக்கட்டும். கொடு என்றும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மாகாண சபை வரத்தான் வேண்டும். உன்னோடு கோபம் என்பதற்காக எனக்கு அது வேண்டாம் என்று ஆகிவிடுமோ? இன்றும் லா சப்பலில் நின்றேன். பதினேழு பேர் போட்டார்கள். தாளை உனக்கு அனுப்பவில்லை, கொட்டிலுக்கு அனுப்புகிறேன்.

படிவத்தில் அவனுடைய பெயரை எழுது. வெட்டாதே. தேர்தல் வைத்தால் அவனுக்கும் வாக்காளர் அட்டை வரும். அதை அற்புதராணி வாங்கி வைத்துக்கொள்வாள். அன்று சாவடியில் எல்லாருடைய பெயருக்கும் கோடு விழட்டும். அவனுடைய பெயர் வெறுமையாகக் கிடக்கட்டும். எண்ணுகிறவர்கள் எண்ணிப் பார்த்து, இந்த வீட்டில் ஒருவன் வரவில்லை என்று கண்டுபிடிக்கட்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

கீர்த்தனனின் தாய்
தில்லைநாயகி