மிதிகட்டையும் கடைவாய்ப்பல்லும்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

சிரஞ்சீவி இளங்கோவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை காந்தாவும் சுகம், அப்பாவின் வலது கன்னம் மட்டும் இப்போதுதான் சுகத்துக்குத் திரும்பியிருக்கிறது, பதில் தாமதமானதற்கும் அந்தக் கன்னம்தான் காரணம். பிலாய் இரும்பாலையில் நீ பல்வலியோடு ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருப்பாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்ன வயதில் உன் பால்பல்லைப் பட்டு நூலில் கட்டி, மறுமுனையைத் தறியின் மிதிகட்டையில் முடிந்து, ஒரே மிதியில் எடுப்பாரே அப்பா, போன மாதம் தன் மேல் கடைவாய்ப்பல் ஆடுகிறதென்று அதற்கும் அதே வைத்தியம் செய்துவிட்டார், நான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருந்த நேரம் பார்த்து. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவுக்கு முறுக்கின பட்டு அறுமா? பல்தான் உடைந்தது, வேர் உள்ளேயே நின்றுவிட்டது. எதிர்வீட்டு முனிசாமி வந்து பார்த்துவிட்டு, "என்னாபா, பல்லையே சேலையில பூப்புட்டாவா நெய்யப் பாத்தியா" என்று கேட்க, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நம் ஊர்ப் பல் டாக்டர் ராமலிங்கத்திடம் அழைத்துப் போனேன். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "முழுப் பல்லுன்னா நானே எடுத்துடுவேம்மா, இது ஈறைக் கீறி எடுக்கணும், வேர் வேற கொக்கி மாதிரி வளைஞ்சிருக்குது, என் கை வேலை இல்லை" என்று மெட்ராஸுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "ஒரு பல்லுக்கு ரெண்டு டாக்டரா" என்று பஸ் முழுக்க அப்பாவின் முணுமுணுப்பு. ஆனால் அங்கே அதற்கென்றே படித்தவர் பொறுமையாக எடுத்துவிட்டார். இப்போது அந்த வேரைத் தெருவுக்கே காட்டிக்கினு திரிகிறார் உன் அப்பா.

இனி உன் விஷயம். அங்கே பக்கத்துத் தெரு டாக்டர் ஞானப்பல்லை இந்த ஞாயிறே பிடுங்கிவிடுகிறேன், எக்ஸ்ரே எல்லாம் எதற்கு என்கிறார், ஆலை ஆஸ்பத்திரி சர்ஜன் கொடுத்த தேதியோ நம் ஊர்க் கருட சேவைத் திருவிழா கழித்து வருகிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். பக்கத்து டாக்டர் என்றால் மட்டமென்று நான் சொல்லவில்லை, நேராக நிற்கிற பல்லென்றால் அவரே போதும். உன் ஞானப்பல் ஈறுக்குள் படுத்துக்கொண்டு மூக்கை மட்டும் நீட்டுகிறது என்று நீதானே எழுதியிருக்கிறாய்? "பாக்காமலே எடுக்கறேன்றவன்கிட்ட வாயைத் திறக்காதேன்னு எழுதுமே" என்கிறார் அப்பா. எனக்கும் அதுதான் படுகிறது. இது தன்னால் ஆகாது என்று சொல்லத் தெரிந்த டாக்டரை நம்பலாம், ராமலிங்கத்தைப் போல.

திருவிழாவுக்கு நீ வருவாய் என்று அரிசி ஊறப்போடும் நாளைக்கூடக் குறித்து வைத்திருந்தேன், மிளகு சீரகம் தட்டிப் போட்டு இட்லி வார்க்க. பரவாயில்லை, அந்தப் பல்லோடு இவ்வளவு தூரம் ரயிலேற வேண்டாம். கருடன் அடுத்த வருஷமும் வருவார், தாடை ஒன்றுதான். சர்ஜன் தேதிக்கே காத்திரு. அதுவரை வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி, காய்ச்சல் கண்டாலோ வாய் திறக்க முடியாமல் போனாலோ தேதி பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

காமாட்சி துணையிருப்பாள், நல்லபடியாகப் பல்லும் போய் நீயும் ஊர் வந்து சேர்.

உன் அம்மா,
ரேணுகாம்பாள்

காந்தா உனக்குக் கைக்குட்டை தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறாள். பட்டு நூலும் கொஞ்சம் வைக்கப் பார்த்தார் அப்பா, நான் எடுத்துவிட்டேன். உங்கள் ஆலையில் மிதிக்கிற யந்திரங்கள் நிறைய இருக்குமாமே.