கேப்பர் மலை பங்களாவில் உன் படம்

அக்கா,

நேற்று நண்பர் வீட்டு ரிசப்ஷனுக்காகக் கேப்பர் மலை பங்களாவுக்குப் போயிருந்தேன். அது ஓட்டலான பிறகு நான் போவது இதுதான் முதல் தடவை. உள்ளே நுழைந்ததும் சுவரில் உன் படம். கல்யாணமான புதிதில், மாடி வராந்தாவில், கடலைப் பார்த்தபடி நிற்கிறாய். கீழே எழுதியிருந்தார்கள்: ‘இம்மாளிகையின் கடைசி மருமகள். விருந்தினர்களுக்காகத் தன் இல்லத்தை மனமுவந்து தந்தவர்.’

மனமுவந்து.

உன் மாமனாரின் அப்பா மல்லாட்டை ஆட்டி, கடலை எண்ணெய் வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டிய வீடு. பண்ருட்டியிலிருந்து உன்னை அங்கே கட்டிக்கொடுத்தபோது நம் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமான சில வருஷங்களிலேயே மாமா இறந்துவிட்டார். கொழுந்தன்கள் இருவரும் சென்னையிலேயே தங்கிவிட, படுத்த படுக்கையான மாமியாரோடு நீ மட்டும் அந்த மலையில் இருந்தாய். புயலில் ஓடுகள் பறந்த அன்று அவரைக் கட்டிலோடு சமையலறைக்கு இழுத்துப்போய், மழை ஓயும்வரை தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மறுநாள் கொழுந்தன்கள் போன் செய்து, வீட்டுக்கு என்ன சேதம் என்று கேட்டார்களாம்.

மாமியாரின் காரியம் முடிந்த கையோடு, வீட்டை ஓட்டலாக்கப் போகிறோம் என்றார்கள். பிள்ளை இல்லாதவளுக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று உன் முன்னாலேயே பேசினார்கள். நீ ஒரே பெட்டியோடு செம்மண்டலத்துக்கு, என் வீட்டுக்கு வந்தாய். கேஸ் போடலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

“ஒங்க மாமா வாழ்ந்த வூடுடா. அத வச்சி சண்ட போட எனக்கு மனசு வரல” என்றாய்.

அதற்காக உன்மேலும் எனக்குக் கோபம்தான். நீ போன பிறகும் அது தீரவில்லை.

நேற்று மேனேஜரைக் கூப்பிட்டுப் படத்தைக் கழற்றச் சொன்னேன். அவர் தயங்கி, உன் பெரிய கொழுந்தனுக்கே போன் போட்டுக் கொடுத்தார். அவர் நிதானமாகத்தான் பேசினார். தன் அண்ணி படம் தன் வீட்டில் இருப்பதில் எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார்.

“ஒங்க அண்ணின்னா, அவுங்க செத்த அன்னைக்கி ஏன் ஒருத்தரும் வரல?” என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தால், அங்கே தங்க வந்த ஒரு பெண் அந்த வரிகளைத் தன் கணவருக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். நேராகப் போய், அது பொய் என்றேன். நான் உன் தம்பி என்று சொல்லி, மாமியாரை, புயலை, அந்தப் பெட்டியை, எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உயர்ந்திருக்கும், ரிசப்ஷனுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் தடுக்கவில்லை.

“அப்புறம் அவங்க எங்க போனாங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“எங்க வூட்டுக்கு வந்தாங்க. கடைசி வரைக்கும் எங்ககூடதான் இருந்தாங்க.”

சாப்பிடாமலே வந்துவிட்டேன். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வரும் ஞாயிறும் போவேன், அக்கா. அதற்குக் கீழே இருக்கிற சோபாவில் உட்காருவேன். யார் நின்று படித்தாலும் சொல்வேன்.