கல் தானாகப் பறந்து வரவில்லை

‘இஞ்சருங்கோ’ என்று கூப்பிட்டால் கேட்டும் கேளாதவர்போல் பேப்பருக்குள் முகத்தை வைத்திருக்கும் என் அன்பானவருக்கு,

இந்த முறையாவது நிமிர்ந்து பாருங்கள். நீங்கள் போய் ஒரு வருடமாகப்போகிறது, உங்கள் ஆட்டைத் திவசம் வருகிறது. யார் என்ன சமைப்பது என்று மகள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். திவச மலரில் நானும் ஒரு பக்கம் எழுதப்போகிறேன் என்றதும் உங்கள் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். எழுத்துப் பிழையை அவர் பார்க்கட்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தில் தம்பி ஒரு பாட்டு எழுதியிருந்தார். எறும்புக்கும் தீங்கு நினையாதவராம் நீங்கள். அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. குசினியில் எறும்பு மருந்து போட்டது யார்?

முதலில் நல்ல செய்தி. உங்கள் மூத்த பேத்தி மதுரா டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில் செய்த சரித்திர ஆய்வு புத்தகமாக வரப்போகிறது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனிதருக்குக்கூடச் சொல்லிவிட்டேன். தமிழ் தெரியாதவர், பாவம், பிரெஞ்சில் ‘மெர்சி’ என்று எனக்கு நன்றி சொன்னார்.

இந்த நாட்டின் பூர்வகுடிகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள். ஆற்றால் வந்து இறங்கிய வெள்ளைக்காரர் நிலம் பிடிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மக்கள் எப்படியெல்லாம் எதிர்த்து நின்றார்கள் என்ற கதை. நான் கறிக்கு வெட்டிக்கொண்டிருக்க, அவள் பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொல்லுவாள். கோல்ஃப் விளையாடும் திடலைப் பெருப்பிப்பதற்காக மோகாக் மக்களின் பைன் மரங்களையும் அவர்கள் தங்கள் ஆட்களைப் புதைத்த இடத்தையும் எடுக்கப் பார்த்த தொண்ணூறாம் ஆண்டுக் கோடை அதில் ஒரு அத்தியாயம். எங்கள் சுடலையை எடுக்க வந்தால் நாங்கள் சும்மா இருப்போமா? அவர்களும் இருக்கவில்லை. அவர்களுக்குத் துணையாக, இன்னொரு ஊரிலிருந்த அவர்களின் சனம் நம் லசால் பக்கத்துப் பாலத்தை மறித்தது.

அப்போது நான் பிள்ளைகளோடு இன்னும் நம் நாட்டில், ஊரில்தான் இருந்தேன். நீங்கள் இங்கே தனியாக, அகதி வழக்கு முடியாமல், அந்தப் பாலத்துக்கு அக்கரையில் மெத்தை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. பாலம் மூடிக் கிடந்ததால் அந்த வேலை போனது என்று மட்டும்தான் எனக்குச் சொன்னீர்கள்.

மீதியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மதுராவுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பனிக்காலத்தில் ஒருநாள் அவள் என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துவிட்டு, நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னாள்.

“பிள்ளை, அவங்கட பொம்பிளையள், கிழடுகள், குழந்தையள் எல்லாம் ஆமி வரப்போகுதெண்டு காரில பாலத்தால வெளிய வந்ததுகள். இந்தப் பக்கம், பாலத்தை மறிச்ச கோவத்தில ஒரே வெள்ளைக்காரச் சனம், ஒரே சத்தம். நான் பின்னுக்குத்தான் நிண்டனான். ஒருத்தன் கையில கல்லைத் தந்தான். எறிஞ்சன். கார்க் கண்ணாடி உடைஞ்சுது. உள்ளுக்க ஒரு கிழவி, குழந்தை ஒண்டைத் தனக்குக் கீழ போட்டு மூடிக்கொண்டு கிடந்தவ. பக்கத்தில நிண்டவன் என்ர முதுகில தட்டினான். இந்த நாட்டுக்கு வந்து முதல்முதலா ஒருத்தன் என்னைத் தன்ர ஆளாப் பாத்தது அண்டைக்குத்தான்.”

அதைப் புத்தகத்தில் எழுதட்டுமா என்று அவள் உங்களைக் கேட்டிருக்கிறாள். “எழுது. ஆனா அம்மம்மாட்டைக் கேட்டிட்டு எழுது. எனக்கு அவவின்ர முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது” என்றீர்களாம்.

ஏன் முடியாது என்று எனக்குத் தெரியும். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பில் நம் வீட்டுக்குக் கல் விழுந்தபோது, சின்னவனை எனக்குக் கீழே போட்டு மூடிக்கொண்டு கிடந்தவள் நான். கதவை முதுகால் முட்டுக்கொடுத்து நின்றவர் நீங்கள். அந்த முதுகிலா அவன் தட்டினான்?

நாங்கள் எல்லோரும் வந்த பிறகு, அக்கரையில் இருக்கும் மகள் வீட்டுக்கு அந்தப் பாலத்தால் போகாமல், புரோசார்ட் பக்கத்துப் பாலத்தால் சுற்றிக் கொண்டுபோவீர்களே. பெற்றோல் வீண் என்று எத்தனை தரம் சண்டை பிடித்தேன்! ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கோபித்திருப்பேன்தான். சோறு போடாமல் விட்டிருப்பேனா?

மதுராவுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. எப்படியோ கதை உங்கள் தம்பியின் காதுக்குப் போய்விட்டது. வந்து கதிரையில் இருந்ததும் தொடங்கினார்.

“மச்சாள், அண்ணை செத்து ஒரு வருசமும் ஆகேல்லை. சனம் சிரிக்கப்போகுது. பேரை மாத்தி எழுதச் சொல்லுங்கோ.”

“ஆற்ற பேரைப் போடுறது, தம்பி? உம்மடையைப் போடவோ?”

தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். நான் வாயால் வென்றேனே தவிர, நெஞ்சுக்குள் அவர் பக்கம்தான் நின்றேன். உங்கள் பெயரை யாரும் குறைவாகச் சொல்லக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. கல்வெட்டில் உள்ள மனிதராகவே நீங்கள் இருந்துவிட்டுப் போங்களேன் என்று நினைத்தேன்.

மதுரா என்னை நெருக்கவில்லை. ஒருநாள் தன் பாட்டில் சொன்னாள்: “மறிச்சு நிண்ட ஆக்களைப் பற்றி எத்தினையோ புத்தகம் இருக்கு அம்மம்மா. காயப்பட்ட ஆக்கள் தங்கட பேரோட சொல்லியிருக்கினம். ஆனா எறிஞ்சது நான்தான் எண்டு சொன்ன ஒராளை நான் இன்னும் காணேல்லை. கல்லு தன்ர பாட்டில பறந்து வந்த மாதிரி இருக்கு.”

நாமும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்? இத்தனை வருடத்தில், உங்கள் வீட்டுக்கு எறிந்தது நான்தான் என்று கொழும்பிலிருந்து ஒருவன் சொல்லியிருந்தால்? மன்னித்திருப்பேனோ தெரியாது. ஆனால் நடந்தது நடந்ததுதான் என்று ஆகியிருக்கும். அதெல்லாம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுகிறவனின் வாய் அடைபட்டிருக்கும்.

நமக்குக் கிடைக்காத அந்த ஒருவனாக நீங்கள் இருக்கப் பார்த்திருக்கிறீர்கள். அதையும் நான் மறித்தால் நான் யார்?

அதனால்தான் மதுராவின் புத்தகத்துக்கு முன்னால் நானே இங்கே எழுதிவிட்டேன். அம்மப்பாவைப் பேத்தி காட்டிக்கொடுத்தாள் என்று இனி யாரும் கதைக்க முடியாது. தம்பி, இந்தப் பக்கத்தில் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தும். எறும்புப் பாட்டு இந்த முறை வேண்டாம்.

ஒன்று மட்டும் என்னைக் குடைகிறது. கிழவிக்குக் கீழே கிடந்த அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது? இப்போது வளர்ந்த ஆளாக இருக்கும். இந்தப் புத்தகம் அதன் கைக்குப் போய்ச் சேருமா?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். புத்தகம் வந்ததும் மதுராவும் நானும் சுற்றிப் போகமாட்டோம். அந்தப் பாலத்தால் நேரே அவர்களின் ஊருக்குப் போவோம். அங்கே யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்து, ‘இது யார்?’ என்று கேட்டால் மதுராவைப் பேச விடமாட்டேன். அதற்கு வேண்டிய இங்கிலிஷைக் கேட்டுப் பாடமாக்கி வைத்திருக்கிறேன்.

‘மை ஹஸ்பண்ட்.’

என்றும் உங்கள் மனுசி,
மதுராவின் அம்மம்மா
சிவபாக்கியம்